நாலு புள்ளி மௌனம்

பதினேழாவது நிமிடத்தில் வாத்து அழ ஆரம்பித்தது.

அரைப்புள்ளி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். இப்போதாவது பானை ஏதாவது சொல்லும் என்று காத்திருந்தார். ஒரு விநாடி. இரண்டு. மூன்று. நான்கு. நாற்காலி தேய்கிற சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்துகிற சத்தம். அவ்வளவுதான்.

"அடப்பாவி!" என்றார் அரைப்புள்ளி, ஆளில்லாத அறையைப் பார்த்து.

அவர் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையில் தட்டச்சர். ஆராய்ச்சிக்காகப் பதிவு செய்த பேச்சுகளைக் கேட்டு எழுத்தாக்குவது வேலை. கேட்டது கேட்டபடி வரவேண்டும். இருமினால் இருமல், ஏப்பம் விட்டால் ஏப்பம். ஒரு விநாடி மௌனத்துக்கு ஒரு புள்ளி என்பது துறையின் விதி. அரை விநாடிக்கு விதி எதுவும் இல்லாததால் அவரே யோசித்து ஓர் அரைப்புள்ளி போட்டார். அன்றிலிருந்து அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் இப்போது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது.

துறைத் தலைவி மூன்று வருடங்களாகச் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியின் தலைப்பு, 'இல்லறப் பேச்சில் மௌனமும் மன்னிப்பும்'. சில வீடுகளின் சாப்பாட்டு மேசையில் ஒரு பதிவுக் கருவியை வைத்துவிடுவார்கள். பேசுகிறவர்கள் யார் என்று எழுதுகிறவருக்குத் தெரியக்கூடாது. ஆகவே பதிவுக் கருவிகளைக் கவனிக்கிற லேப் அக்கா ஒவ்வொரு பதிவிலும் குரல்களை மாற்றித்தான் கொடுப்பாள். ஏழாம் ஜோடியின் மனைவிக்கு வாத்தின் குரல் வாய்த்தது. கணவனுக்குப் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற குரல்.

இருநூறு மணி நேரப் பதிவை அரைப்புள்ளி அடித்து முடித்திருந்தார். அதில் கணவன்மார் மன்னிப்புக் கேட்டது மொத்தம் மூன்றே தடவை. இரண்டு தடவை நாயிடம். மூன்றாவது, தவறான எண்ணுக்குப் போன் செய்தபோது.

இன்றைய சண்டை காய்ச்சலைப் பற்றியது. வாத்துக்குக் காலையிலிருந்து காய்ச்சல். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பானை, "என் சார்ஜர் எங்க?" என்று கேட்டது.

"காய்ச்சல்ல கிடக்கறேன். தொட்டுக்கூடப் பாக்கல. சார்ஜரைக் கேக்கறீங்க!"

"தொட்டுப் பாத்தா இறங்கிடுமா? நான் என்ன டாக்டரா?"

அங்கேதான் வாத்து அழுதது.

அரைப்புள்ளி நாலு புள்ளி வைத்தார். வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு ஆறவில்லை. விரல்கள் அவரைக் கேட்காமலே அடித்தன:

*அழாத. தப்பு என் மேலதான்.*

படித்துப் பார்த்தபோது நெஞ்சிலிருந்து பாரம் இறங்கினாற்போல் இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து அழித்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனார். திரும்பி வந்தபோது மணி நாலு அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. நாலு மணிக்கு அன்றைய கோப்புகளெல்லாம் தாமாகவே துறைத் தலைவி மேடத்தின் கணினிக்குப் போய்விடும்.

மறுநாள் காலை மேடம் கூப்பிட்டனுப்பினார்.

மேடம் சாதாரண ஆள் இல்லை. ஒரு தடவை நாற்பது பக்கக் கோப்பு ஒன்றை, பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு புள்ளி குறைகிறது என்று திருப்பி அனுப்பியவர். அரைப்புள்ளி உண்மையைச் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் உள்ளே போனார்.

மேடம் கையில் அந்தப் பக்கம் இருந்தது.

"ஏழாம் ஜோடி," என்றார். "நாலு விநாடி மௌனம். அதுக்கப்புறம் ஒரு வரி." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெதுவாகப் படித்தார். "'அழாத. தப்பு என் மேலதான்.' இது... அவர் சொன்னாரா?"

இல்லை என்றால் பதினாலு வருஷத்து நாணயம் போய்விடும். நேற்று ஒன்றைச் சேர்த்தவன் இதற்கு முன்னால் எத்தனை சேர்த்தானோ என்ற கேள்வி வரும்.

"ஆமா மேடம். ரொம்ப மெதுவாச் சொன்னார். சாதாரணக் காதுக்குக் கேக்காது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

"அப்படியா?" மேடம் நிமிர்ந்தார். "அப்போ பழைய பதிவுகள்லயும் சாதாரணக் காதுக்குக் கேக்காதது இருக்கலாம் இல்ல?"

"இ... இருக்கலாம் மேடம்."

"ஏழாம் ஜோடியை மட்டும் முதல்லேர்ந்து இன்னொரு தடவை கேளுங்க. நிதானமாக் கேளுங்க. நீங்க கேக்கற மாதிரி யாரும் கேக்கறதில்ல."

பதினாலு வருடத்தில் மேடம் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதுவும் அவர் கேட்காத ஒன்றுக்கு.

ஏழாம் ஜோடியின் பதிவுகள் ஆறு இருந்தன. ஆறிலும் சண்டை. குறைந்தது ஆறு மன்னிப்பாவது வேண்டும். உட்கார்ந்து யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. இருபது வருட இல்லறத்தில் அவரே அப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது சிவப்புப் பேனாவும் கையுமாக விடைத்தாள் கட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். ஒருத்தன் பொண்டாட்டியோட பொறந்த நாளை மறந்துட்டான்னு வெச்சுக்க..."

பேனா நின்றது. "என் பொறந்த நாள் அடுத்த மாசம்."

"உன்னுது இல்ல. பொதுவாக் கேக்கறேன்."

"பொதுவா யாரோட பொண்டாட்டி?"

"யாரோ ஒருத்தன்னு வெச்சுக்கயேன். அவன் மன்னிப்புக் கேக்கணும். என்ன சொன்னா அவளுக்கு மனசு ஆறும்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் விடை சொல்லாமல் இருக்க அவளால் முடியாது.

"பெருசா ஒண்ணும் வேண்டாம். 'நீ சொல்றது சரி'ன்னு ஒத்துக்கிட்டா போதும். காரணம் சொல்லக்கூடாது. காரணம் சொன்னா அது மன்னிப்பு இல்ல, லீவு லெட்டர்."

அரைப்புள்ளி அதை உடனே ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். அவர் குறித்துக்கொண்டதையும் அவள் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து பானை நல்லவனாக மாறிவிட்டது. பிறந்த நாளை மறந்த இடத்தில், 'எனக்கு ஞாபகம் இருந்திருக்கணும், இல்லாமப் போச்சு' என்றது. வாத்தின் தங்கை வீட்டுக்கு வரமாட்டேன் என்று முரண்டுபிடித்த இடத்தில், 'நீ சொல்றது நியாயம், நான் வர்றேன்' என்றது. பாத்திரம் தேய்ப்பது யார் என்ற வழக்கில், 'இன்னிக்கு நான், நாளைக்கும் நான்' என்று தீர்ப்புச் சொன்னது.

இதில் ஒரு சிக்கல். பானையின் பேச்சை மாற்றினாரே தவிர, வாத்தின் பேச்சு பழையபடியே இருந்தது. 'நாளைக்கும் நான்' என்று பானை உருகிய அடுத்த வரியில் வாத்து, "உங்களை மாதிரி ஒரு கல்லுப் பிள்ளையாரை நான் பாத்ததே இல்ல," என்று கத்தியது. படிக்கிறவர்கள் வாத்துக்குக் காது கேட்காதோ என்று நினைப்பார்கள். ஆகவே வாத்தையும் கொஞ்சம் இளக்க வேண்டியதாயிற்று. வாத்து இளகியதும் அடுத்து வருகிற கதவு சாத்தும் சத்தத்துக்குப் பொருள் இல்லாமல் போனது. அதைக் 'காற்று' என்று அடித்தார்.

மேடம் எதையும் திருப்பி அனுப்பவில்லை. "அடுத்தது எப்போ வரும்?" என்று மட்டும் போனில் கேட்டார்.

மூன்றாவது வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. வரும் திங்கட்கிழமை சரிபார்ப்புக் குழு வருகிறது. ஏதாவது ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து, ஒலியையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எந்த ஜோடி என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

அரைப்புள்ளிக்குத் தாளைப் படித்தபோதே தெரிந்துவிட்டது. உலகத்தில் இருக்கிற எல்லா ஜோடிகளையும் விட்டுவிட்டு ஏழாம் ஜோடியையே எடுப்பார்கள். தன் ராசி அப்படி.

எழுத்தைத் திருத்தியாயிற்று. இனி ஒலியைத் திருத்துவதுதான் பாக்கி. பானையின் குரலுக்கு என்ன செய்வது? பானையே போதும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பரணிலிருந்து பெரிய அலுமினியப் பானையை இறக்கினார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பானைக்குள் தலையை விட்டு, கையில் போனைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அழாத. தப்பு என் மேலதான்."

போட்டுக் கேட்டார். ரேஷன் கடையில் அறிவிப்புச் செய்வதுபோல் இருந்தது. இன்னும் உருக்கம் வேண்டும்.

"அழாதம்மா... தப்பு என் மேலதான்... எனக்கு ஞாபகம் இருந்திருக்கணும்... இல்லாமப் போச்சு..."

"என்ன ஞாபகம்?"

பானைக்குள்ளேயே அரைப்புள்ளிக்கு வேர்த்தது. தலையை வெளியே எடுக்கப் பார்த்தார். காது மாட்டிக்கொண்டது. மனைவி வந்து பானையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு ரத்தாகியிருந்தது.

"என்ன பண்ணீங்க?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாதவர் பானைக்குள்ள தலைய விட்டு ஒத்திகை பாக்கறாரா? அன்னிக்கு எவளோ ஒருத்தியோட பொறந்த நாள். இன்னிக்கு அழாதம்மா. இப்போ சொல்லிடுங்க."

ஆராய்ச்சி பற்றி வீட்டில் பேசமாட்டேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர். அதை மீற மனம் வரவில்லை. ஏதாவது ஒரு தப்பை ஒத்துக்கொண்டால் விட்டுவிடுவாள் என்று நினைத்தார்.

"உங்க அண்ணன் கொடுத்தாரே, குயில் கூவற சுவர்க் கடிகாரம். அது தானா நிக்கல. நான்தான் நிறுத்தினேன்."

"தெரியும். வேற?"

"நீ ஊருக்குப் போயிருந்தப்போ செடிக்குத் தண்ணி ஊத்தினேன்னு சொன்னேன். ஊத்தல. புதுச் செடி வாங்கி வெச்சேன்."

"பூ வேற நிறத்துல பூத்தப்பவே தெரியும். இதுக்கெல்லாம் பானை தேவையில்ல. வேற?"

அரைப்புள்ளி அடுத்தடுத்து நாலு குற்றங்களை ஒப்புக்கொண்டார். ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சின்னதாக இருந்தது. சின்னதாக ஆக ஆக, பெரிதாக எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம் அவளுக்குப் பலப்பட்டது. கடைசியில் அவள் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் பல்கலைக்கழகமாவது கையெழுத்தாவது என்று, ஆட்களின் அடையாளம் எதுவும் சொல்லாமல், நடந்ததை அப்படியே கொட்டிவிட்டார்.

அவள் முழுதும் கேட்டாள். பானையை எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"யாரோ ஒருத்திக்காக இவ்ளோ எழுதத் தெரியுது," என்றாள். "இருபது வருஷத்துல எனக்குன்னு ஒரு வரி வந்திருக்கா உங்க வாயிலேர்ந்து?"

ஒரு விநாடி. இரண்டு. மூன்று. நான்கு.

"தப்பு என் மேலதான்," என்றார்.

"இது யாருக்கு எழுதினது?"

"வாத்துக்கு எழுதினது. ஆனா இப்போ உனக்குத்தான் சொல்றேன்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு வருவதை மறைக்கிறாளா, அழுகை வருவதை மறைக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"காது செவந்து கிடக்கு, எண்ணெய் தடவுங்க," என்றாள். "திங்கக்கிழமை காலைல நேரா மேடத்துகிட்ட போய் உண்மையச் சொல்லிடுங்க. காரணம் சொல்லாதீங்க."

திங்கட்கிழமை அரைப்புள்ளி அரை மணி நேரம் முன்னதாகவே அலுவலகம் போய்விட்டார். மேடம் இன்னும் வரவில்லை. மேசையில் ஏழாம் ஜோடியின் புதிய பதிவு காத்திருந்தது. போகிற வேலைதானே, கடைசியாக ஒரு தடவை வாத்தின் குரலைக் கேட்டுவிடலாம் என்று ஹெட்போனை மாட்டினார்.

வழக்கம்போல் சண்டை. இந்தத் தடவை ஈரக் குடையைச் சோபாமேல் விரித்து வைத்தது யார் என்று. வாத்தின் குரல் உச்சத்துக்குப் போய் நின்றது. மௌனம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"அழாத," என்றது பானை. "தப்பு என் மேலதான்."

அரைப்புள்ளி ஹெட்போனைக் கழற்றி அதன் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பின்னால் ஓட்டிக் கேட்டார். சந்தேகமே இல்லை, பானைதான் பேசியது.

"நான் இன்னும் அழவே ஆரம்பிக்கல," என்றது வாத்து.

தாள் புரளுகிற சத்தம் கேட்டது. பானை தொண்டையைச் செருமிக்கொண்டது. "நீ சொல்றது நூத்துக்கு நூறு சிரி."

"என்னது?"

"நூத்துக்கு நூறு சிரி."

ஒன்றரை விநாடி மௌனம். அதன்பின் வாத்து சிரித்தது. ஏழாம் ஜோடியின் பதிவில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் பானையும் சேர்ந்துகொண்டது. ஒரு வாத்தும் ஒரு பானையும் மூச்சுத் திணறச் சிரிப்பதை அரைப்புள்ளி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

சிரி? பழைய கோப்புகளை அவசர அவசரமாகத் திறந்தார். நாலாவது பதிவு, ஒன்பதாம் பக்கம். 'நூத்துக்கு நூறு சரி' என்று அடிக்கப் போய் 'சிரி' என்று அடித்திருந்தார். பதினாலு வருடத்தில் அவர் விட்ட ஒரே எழுத்துப் பிழை. அதைப் பானை பிழையோடு படித்திருக்கிறது!

அவர் அடித்த தாள் எப்படியோ ஏழாம் ஜோடியின் கைக்குப் போயிருக்கிறது. பொய்யாக எழுதியது ஒரு குற்றம் என்றால், ரகசியக் கோப்பு வெளியே போனது அதற்கு அப்பன். கோப்புகள் இருக்கும் இடம் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவர், மேடம், லேப் அக்கா.

லேப் அக்காவிடம் ஓடினார். அவள் கருவிகளுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏழாம் ஜோடி பதிவுல நீங்க ஏதாவது கைவெச்சீங்களா?"

"நான் குரலை மாத்தறதோட சரி தம்பி," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "பேச்சை மாத்தறது உங்க வேலைன்னு கேள்வி."

அரைப்புள்ளி அங்கே நிற்கவில்லை. நேராக மேடத்தின் அறைக்குப் போனார். மேடம் அப்போதுதான் வந்து கைப்பையை மேசைமேல் வைத்திருந்தார்.

"மேடம், ஏழாம் ஜோடியோட மன்னிப்பெல்லாம் நான் எழுதினது. அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லல. கதவு சாத்தினதைக் காத்துன்னு அடிச்சேன். தப்பு என் மேலதான்." காரணம் சொல்ல வாய் வந்தது. மனைவி முகம் நினைவுக்கு வரவே அடக்கிக்கொண்டார். "அது மட்டும் இல்ல. அந்தத் தாள் எப்படியோ வெளிய போய், இப்போ அந்த ஆள் அதைப் பாத்துப் படிக்கறார். இன்னிக்குக் குழு வேற வருது. என்ன தண்டனைன்னாலும் சரி."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்துவார் என்று அரைப்புள்ளி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

"குழுவுக்கு ஏழாம் ஜோடி போகாது," என்றார் மேடம். "அது ஆய்வுலயே சேராது. கருவி ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க வெச்ச வெள்ளோட்டம் அது. அதுலேர்ந்து ஒரு வரிகூட நான் எங்கயும் எடுத்து எழுதப் போறதில்ல."

"அப்போ நான் எழுதினதெல்லாம்..."

"எழுதினதுதான்னு முதல் நாளே எனக்குத் தெரியும்."

"தெரியுமா? எப்படி மேடம்?"

மேடம் பேனா மூடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். "ம்ம்..." என்றார். அதற்கு எத்தனை புள்ளி வைப்பது என்று அரைப்புள்ளிக்கே தெரியவில்லை.

"தெரிஞ்சும் ஏன் மேடம் என்னை மூணு வாரமா எழுத வெச்சீங்க?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. லேப் அக்கா தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"மேடம், உங்க வீட்டுக்காரர் கீழ கார்லயே காத்திட்டிருக்கார். இந்த வாரம் அவர் பேச வேண்டியது டைப் ஆயிடுச்சான்னு கேக்கறார்."